கரம்பை ஏரியின் எலும்பு ஊசிகள்

நாள் 8. காலை 7:10

பதிவு: ஜெசிந்தா ரொட்ரிகோ, உயிரியல் ஆய்வாளர், கார்முகில் விண்கலம். இடம்: கரம்பை கோள், ஏரிப் பள்ளம், ஒற்றை இருக்கை இறங்குகலத்தின் அருகே.

காற்று முகமூடி இல்லாமல் மூச்சு விடும் அளவுக்குச் சுத்தம். ஏரி நீர் கொஞ்சம் உப்பு, காய்ச்சிக் குடிக்கலாம். மண்ணில் விதைத்த கேழ்வரகு முளைத்துவிட்டது. அக்கரையில் மேய்விகள் நிற்கின்றன. நீண்ட கழுத்து, மாட்டளவு உடல், சாதுவான பிராணிகள். அந்தப் பெயர் நான் வைத்தது.

மேலே கார்முகிலில் முந்நூற்று நாற்பது பேர் உறக்கப் பெட்டிகளில் கிடக்கிறார்கள். விழித்திருப்பது கேப்டன் அருள்வடிவும் தகவல் தொடர்பைப் பார்க்கும் திருமேனியும் மட்டுமே. இங்கே குடியேறலாம் என்று நான் சொன்னால் பெரிய கலம் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இறங்கும். ஒருமுறை இறங்கினால் அது மறுபடி எழும்பாது.

இன்று ஓய்வு நாள். பழக்க தோஷத்தில் கரையோரம் குனிந்தபடியே நடந்தேன். கல்லூரி நாட்களில் தாமிரபரணிக் கரையில் இப்படித்தான் பானை ஓடும் பாசிமணியும் தேடித் திரிவேன். பிறகு பல வருடம் அகழாய்வுக் கூடத்தில் எலும்பு பிரித்திருக்கிறேன்.

கறுப்புச் சேற்றிலிருந்து மூன்று எலும்புத் துண்டுகள் கிடைத்தன. விரல் நீளம். மூன்றுக்கும் ஒரு முனை கூர்மை.

நாள் 9. மாலை 4:30

கூராக இருப்பதாலேயே அது கருவி ஆகிவிடாது. வேட்டைப் பிராணி கடித்து உடைத்த எலும்பும் கூராகத்தான் இருக்கும். ஆற்று நீர் உருட்டினால் பளபளப்பும் வந்துவிடும். மந்தை மிதித்தால் கீறல் விழும். பூமியில் எத்தனையோ பேர் இப்படி ஏமாந்திருக்கிறார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன்.

கரையில் செத்துக் கிடந்த ஒரு மேய்வியின் காலெலும்பை வெட்டிப் பார்த்தேன். உள்ளே இரண்டு மஜ்ஜைக் குழல்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, இரட்டைக்குழல் துப்பாக்கி மாதிரி. கிடைத்த மூன்று துண்டுகளிலும் அதே இரட்டைக் குழலின் தடம். ஆக, மேய்வி எலும்புதான். பல் பதிந்த குழிகள் எதிலும் இல்லை.

கேப்டனிடம் சொன்னேன். அவர் குரல் இறுகியது.

“ஜெசிந்தா, சட்டம் உங்களுக்குத் தெரியும். கருவி செய்யற உயிர் இருக்கற கோள்ல நாம கால் வைக்கக் கூடாது. வேற இடம் போக நம்மகிட்ட எரிபொருள் இல்ல. பெட்டிகளுக்கு மின்சாரமும் ரொம்ப நாள் வராது. அதனால நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

“கருவின்னு தெரிஞ்சா மறைக்கச் சொல்றீங்களா, கேப்டன்?”

“அப்படிச் சொல்லலம்மா. நல்லாப் பாருங்கன்னுதான் சொல்றேன்.”

நாள் 10. பகல் 11:50

நுண்ணோக்கியில் மூன்றையும் பார்த்து முடித்தேன்.

நீர் உருட்டியிருந்தால் குழிவுக்குள்ளும் மேட்டிலும் பளபளப்பு ஒரே மாதிரி இருக்கும். இவற்றில் முனையும் முனையை ஒட்டிய கொஞ்ச தூரமும் மட்டுமே வழவழப்பு. பக்கங்களில் ஒரே திசையில் நெருக்கமான கோடுகள், சொரசொரப்பான கல்லில் தேய்த்தால் வருபவை. முனையைச் சுற்றி வளையம் வளையமாகக் கீறல்கள். தோலில் குத்தித் திருகினால் மட்டுமே அப்படி விழும். மூன்றாவது துண்டின் தடித்த முனையில் ஒரு துளை. இரண்டு பக்கமிருந்தும் குடைந்திருக்கிறார்கள். நடுவில் குறுகி, உடுக்கை போல இருக்கிறது.

இரண்டு குத்தூசிகள், ஒரு தையல் ஊசி.

நிறத்தைப் பார்த்தால் சில ஆயிரம் வருடப் பழமை சொல்லலாம். உள்வரை கறுத்திருக்கிறது. நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். யாரோ இங்கே குளிருக்குத் தோல் தைத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. முந்நூற்று நாற்பது முகங்கள் நினைவுக்கு வந்தன.

கார்முகிலுக்கு ரேடியோவில் பேசினேன். திருமேனிதான் எடுத்தான். நாகர்கோவில் பையன். வயது முப்பத்தாறு, ஆனாலும் எனக்குப் பையன்தான்.

“அக்கா, கேப்டன் தூங்கப் போயிருக்காங்க. முடிவாயிட்டுதா?”

“கருவிதான்டா. சந்தேகமே இல்ல.”

“ரெண்டு நாள் பொறுத்துச் சொல்லுங்களேன். இன்னும் கொஞ்சம் தோண்டிப் பாருங்க. செஞ்சவங்க எப்பவோ அழிஞ்சு போயிருந்தா சட்டத்துல ஒரு வழி இருக்கும்லா?”

அவன் சொன்னது நியாயம். தோண்டுகிறேன்.

நாள் 12. பகல் 2:15

கரை மேட்டில் கல் வட்டங்கள் இருக்கின்றன. புல் மூடியிருந்ததால் முதலில் தெரியவில்லை. ஒவ்வொன்றும் ஒரு சிறு அறை அளவு. ஒன்றின் நடுவில் குழி போட்டேன். சாம்பல், மேய்வி எலும்புச் சில்லுகள், மேலும் ஊசிகள், பல் உடைந்த ஒரு சீப்பு.

அதற்கடியில் வட்டமான ஒரு சிறு எலும்பு வில்லை. சேற்றைக் கழுவினேன்.

நான்கு துளைகள். விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய வரம்பு.

சட்டைப் பொத்தான்.

வேறு எந்த உயிரும் வேறு எந்தக் கோளிலும் இதே உருவத்தை யோசித்திருக்க முடியாது. சூடாக்கிய கம்பியை ஒரு ஊசியின் ஓரத்தில் வைத்தேன். ஆயிரம் வருட எலும்பு என்றால் வாடையே வராது. முடி கருகுகிற நாற்றம் குப்பென்று வந்தது. எலும்புக்குள் இருக்கும் புரதம் அப்படியே இருக்கிறது. ஏரிச் சேறுதான் கறுப்பாக்கி என்னை ஏமாற்றியிருக்கிறது. இந்த ஊசிகளுக்கு என் வயதுகூட இருக்காது.

முப்பது வருடத்துக்கு முன் வெள்ளோடம் என்ற கலம் அறுபத்தோரு பேரோடு இந்தக் கோளுக்கு வந்தது. இறங்கப் போகிறோம் என்று ஒரு செய்தி அனுப்பியது. அதன்பின் பேச்சில்லை. கடலில் விழுந்து நொறுங்கிவிட்டது என்று பூமியில் முடிவு கட்டி, பெயர்களைக் கல்லில் வெட்டி, மாலை போட்டுவிட்டார்கள்.

அவர்கள் நொறுங்கவில்லை. இறங்கியிருக்கிறார்கள். இங்கே குடியிருந்து பொத்தான் செய்திருக்கிறார்கள்.

கேப்டனிடம் சொன்னேன். “அப்ப சட்டச் சிக்கல் இல்ல. அவங்க நம்ம ஆளுங்க,” என்றார். அந்தக் குரலில் நிம்மதி தெரிந்தது. உடனே அதற்காக வெட்கப்பட்டதும் தெரிந்தது.

திருமேனியின் அம்மா பகவதி வெள்ளோடத்தில் தண்ணீர்ப் பொறியாளர். அவர் கிளம்பியபோது இவனுக்கு ஆறு வயது. அடுத்த கலத்தில் அப்பாவும் மகனும் வருவதாக ஏற்பாடு.

“அக்கா, எத்தனை நாள் இருந்திருப்பாங்க?”

“தெரியல திருமேனி. தெரிஞ்சதும் முதல்ல உனக்குத்தான் சொல்லுவேன்.”

நாள் 13. காலை 9:40

ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. விண்கலத்தில் வந்தவர்கள் ஏன் எலும்பில் ஊசி செய்ய வேண்டும்? அவர்களிடம் எஃகு இருந்தது, அலுமினியம் இருந்தது.

பதில் இன்று மண்வெட்டியில் வந்தது. சேற்றுக்கு நடுவே விரல் தடிமனில் ஒரு மஞ்சள் அடுக்கு, நாக்கில் வைத்தால் சுரீரென்று எரிகிறது. உப்புத் தூசி. அதற்குக் கீழே அவர்களுடைய உலோகம் முழுக்க மாவாகக் கிடக்கிறது. கலத்தின் ஒரு கதவு, அதன் உருவம் கெடாமல், வெறும் வெள்ளைப் பொடியாக இருந்தது. தொட்டதும் உதிர்ந்தது.

ஒரு சமயம் கிழக்குப் பாலையிலிருந்து அந்தத் தூசி வந்து பள்ளத்தை நிரப்பியிருக்கிறது. உலோகத்தைத் தின்றிருக்கிறது. முதலில் போனது ரேடியோவாகத்தான் இருக்கும். தூசி அடுக்கிலேயே உறைந்து செத்த புல் வேர்கள். அப்படியென்றால் சூரியனையும் மறைத்திருக்கிறது. ஒரு குளிர்காலம், பல வருடம் நீண்டது.

நிமிர்ந்து அக்கரையைப் பார்த்தேன். நேற்றுவரை கரையே தெரியாமல் நின்ற மேய்விகளில் ஒன்றுகூட இல்லை.

நாள் 13. பகல் 1:05

இறங்குகலத்தின் கால் திருகாணிகளைச் சோதித்தேன். மேலே வெள்ளைப் பூச்சு. நகத்தால் சுரண்டினால் பொடியாக வருகிறது. காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. முகமூடி அணிந்துகொண்டேன்.

கேப்டனுக்குச் செய்தி: “யாரையும் எழுப்பாதீங்க. இந்தப் பள்ளத்துல இறங்கக் கூடாது. மேய்விக் கூட்டம் எந்தப் பக்கம் போகுதுன்னு கேமராவுல பாருங்க.”

நாள் 14. மாலை 3:20

கிழக்கு அடிவானம் மஞ்சள் சுவராக நிற்கிறது.

இன்ஜினை இயக்கினேன். இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. எரிபொருள் குழாயின் மூட்டு பொடிந்திருக்கிறது. மாற்று மூட்டு பெட்டியில் இருந்தது. பெட்டியைத் திறந்தேன். அதுவும் பொடி.

சரி, வேலையைப் பார்ப்போம் என்று குழிக்குத் திரும்பினேன். வேறு என்ன செய்வது?

இதுவரை கிடைத்த இரட்டைக் குழல் ஊசிகள் தூசி விழத் தொடங்கிய காலத்தவை, மஞ்சள் அடுக்குக்குள்ளேயே கிடந்தன. அதற்கு மேலேயும் ஊசிகள் இருக்கின்றன. தூசி வந்த பிறகும் சிலர் பிழைத்திருக்கிறார்கள். இந்த ஊசிகள் ஒல்லியானவை, வேலைப்பாடு நேர்த்தியானது. ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தேன்.

ஒற்றைக் குழல்.

கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அடுத்ததும் ஒற்றைக் குழல். அதற்கு அடுத்ததும். மனித எலும்பில்தான் குழல் ஒன்று.

மேய்விகள் போய்விட்டன, ஊசி செய்ய எலும்பு இல்லை, குளிர் மட்டும் இருந்தது.

நாள் 15. காலை 10:30

வட்டங்களுக்குப் பின்னால் கல் அடுக்கிய மேடுகளைக் கண்டுபிடித்தேன். கல்லறைகள். இரண்டைத் திறந்தேன். உடல்கள் ஒழுங்காகக் கிடத்தப்பட்டிருக்கின்றன. கொன்ற தடமோ தின்ற தடமோ இல்லை. இரண்டிலும் இடது முன்கை எலும்பு மட்டும் இல்லை. எடுத்தவர்கள் மண்ணைச் சமன் செய்து, கல்லைப் பழையபடி அடுக்கி, மார்பின் மேல் ஒரு தோல் துண்டைப் போர்த்தியிருக்கிறார்கள்.

அவர்களைத் தப்பாக நினைக்க வேண்டாம். இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒற்றைக் குழல் ஊசிகளில் ஒன்றின் மேல் சிறு குழிவுகள் நேர் வரிசையில் இருந்தன. திருகாணி போட்டு, பிறகு எடுத்து, எலும்பு மறுபடி மூடிய தழும்புகள். அருகே உடைந்து கூடிய புடைப்பு. ஆள் அடையாளம் கிடைக்கும் என்று ஆர்வத்தில் யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

“திருமேனி, வெள்ளோடத்து மருத்துவக் குறிப்புல பாரு. இடது முன்கை உடைஞ்சு பிளேட் வச்சு எடுத்தவங்க யாராவது உண்டா?”

ஊசியை வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

“பாக்க வேண்டாம் அக்கா,” என்றான். “எங்கம்மா. கோட்டாறு மார்க்கெட் பக்கம் ஸ்கூட்டர்ல இருந்து விழுந்தாங்க. நான் பின்னாடி உக்காந்திருந்தேன். எனக்கு ஒரு கீறல் கூட இல்ல. பிளேட் எடுத்த பொறவு அந்தக் கையில என்னைத் தொட்டுப் பாக்கச் சொல்லுவாங்க. மேடு மேடா இருக்கும்.”

ஊசி என் உள்ளங்கையில் கிடந்தது. அதைக் கீழே வைக்கவும் மனம் வரவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

“எல்லாரோட குறிப்பும் பாத்துரு திருமேனி. வேற யாராவது இருக்கலாம்.”

“பாத்துட்டேன். சின்ன வயசுலயே எல்லாத்தையும் படிச்சிருக்கேன். அவங்க ஒருத்திதான்.” பிறகு கேட்டான். “அது என்னவா இருக்கு இப்ப?”

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

“ஊசிப்பா. தைக்கிற ஊசி.”

“அம்மா போன பொறவு எடுத்ததா?”

“ஆமா. அடக்கம் பண்ணி ரொம்ப நாள் கழிச்சு. மரியாதையா எடுத்திருக்காங்க. நான் பாத்தேன்.”

“தச்சது... யாருக்குன்னு தெரியுமா?”

நுண்ணோக்கியில் மறுபடி பார்த்துச் சொன்னேன். ஊசியின் காது ஒருமுறை உடைந்திருக்கிறது. சற்றுக் கீழே வேறு துளை போட்டிருக்கிறார்கள். அதுவும் நூல் அறுத்து நீளமாகியிருக்கிறது. ஒரு குளிர்காலத்தில் இவ்வளவு தேயாது. குழியில் அதனருகே கிடந்த தோலில் தையல் மிக நெருக்கம். தோலின் அளவு சிறியது. கைக்குழந்தைக்குப் போர்த்தும் அளவு.

“இங்க ஒரு பிள்ளை பொறந்திருக்கு திருமேனி. அதுக்குத் தச்சிருக்காங்க.”

அவன் அழுவது கேட்டது. நான் ரேடியோவை அணைக்கவில்லை. அவனும் அணைக்கவில்லை.

“அப்ப அம்மா கடைசியில தனியா இல்ல,” என்றான். “கடல்ல விழுந்து, இருட்டுல, யாருமில்லாம... முப்பது வருசமா அப்படித்தான் கண்ணுக்குள்ள வரும். சுத்தி ஆளுங்க இருந்திருக்காங்கல்லா?”

“இருந்திருக்காங்க.”

“அது போதும் அக்கா.”

நாள் 16. பகல் 12:00

கேப்டன் அருள்வடிவு பேசினார். மேய்விகள் மேற்கு மலையின் ஒரு இடைவெளி வழியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அப்பால் ஒரு பள்ளத்தாக்கு. மலை தூசியைத் தடுக்கும். கேமராவில் பழைய சாணக் குவியல்கள் மலை மலையாகத் தெரிகின்றனவாம். ஒவ்வொரு முறையும் அவை அங்கேதான் போயிருக்கின்றன.

“அங்க இறக்கறேன். நீங்க கண்டுபிடிக்கலன்னா இந்நேரம் எல்லாரும் ஏரிப் பள்ளத்துல இருந்திருப்போம்.”

“எப்ப இறங்குறீங்க?”

“மின்சாரம் குறைஞ்சிட்டே போகுது. புயல் பள்ளத்தாக்கு வாய மூடறதுக்கு முந்தி இறங்கணும்.” பிறகு சொன்னார். “ஜெசிந்தா. உங்களக் கூட்டிட்டு வர என்கிட்ட வேற கலம் இல்ல.”

“தெரியும் கேப்டன்.”

“நடந்து வர முடியுமா?”

“தூரம் ஜாஸ்தி. காத்து அடங்குனா முயற்சி பண்றேன்.”

இருவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அதன்பின் அவர் கேழ்வரகு முளைத்ததைப் பற்றிக் கேட்டார். நான் விதைப்பு ஆழத்தைச் சொன்னேன்.

நாள் 18. காலை

கடிகாரம் நின்றுவிட்டது. இந்தப் பதிவுக் கருவிக்குப் பீங்கான் உறை என்பதால் தாங்குகிறது. சில விசைகள் ஒட்டிக்கொள்கின்றன.

கலத்தின் ஒரு கால் முறிந்து சாய்ந்துவிட்டது. உள்ளே இருக்கப் பயமாக இருக்கிறது. கல் வட்டம் ஒன்றுக்குள் கூடாரம் போட்டேன். கூடாரத்தின் ஜிப் கையோடு உதிர்ந்தது. தூசி உள்ளே வந்து கண்ணை எரிக்கிறது. தைத்தால்தான் மூடும். என்னிடமிருந்த ஊசிகள் பெட்டிக்குள்ளேயே பொடியாகிவிட்டன.

அவர்களுடைய ஊசிகளைப் பயன்படுத்தலாம். என்னால் முடியவில்லை.

கரையில் கூட்டத்தோடு போக முடியாமல் செத்த மேய்விக் கன்று ஒன்று கிடந்தது. கல்லால் காலை உடைத்து, சில்லை எடுத்துத் தேய்த்தேன். முதலாவது பாதியில் முறிந்தது. ஈரமாக வைத்துத் தேய்த்தால் முறிவதில்லை என்று இரண்டாவதில் புரிந்தது. எத்தனை வருடம் இவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. துளை போடக் கூரான கல்லைத் திருகித் திருகி விரல் தோல் உரிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் ஒரு ஊசி. கோணலான ஊசி.

தைத்தேன். பாதி மூடியிருக்கிறது.

நாள் 19 அல்லது 20

இருமலில் ரத்தம். முகமூடியின் வடிகட்டி அடைத்துவிட்டது.

ரேடியோ விட்டு விட்டு வருகிறது. திருமேனியும் கேப்டனும் எல்லோரையும் எழுப்பி இருக்கையில் கட்டிவிட்டார்களாம். உறக்கம் கலைந்த பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்களாம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

“அக்கா, அம்மாவோட ஊசிய...”

“பீங்கான் பெட்டியில வைக்கிறேன். இந்தப் பதிவுக் கருவியோட சேர்த்து. புயல் போனதும் வந்து எடுத்துக்க.”

“நீங்க இருப்பீங்கல்லா. நீங்களே தருவீங்க.”

“சரிப்பா.”

இதை எடுப்பவருக்கு: பெட்டியில் உள்ள ஊசிகளை அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டாம். கல்லறைகள் மேட்டில் வரிசையாக இருக்கின்றன. எது யாருடையது என்று பிரித்து எழுத எனக்கு நேரம் இருக்கவில்லை. உங்களால் முடிந்தால் செய்யுங்கள். பகவதியின் ஊசி மட்டும் மகனுக்கு.

குழந்தையின் கல்லறை எதுவும் கிடைக்கவில்லை. எல்லாக் கல் மேடுகளையும் அளந்துவிட்டேன். சிறியது ஒன்றுமே இல்லை. கடைசியில் மீதமிருந்தவர்கள் மேய்விகள் போன வழியில் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். திருமேனியிடம் சொல்ல ரேடியோவை அழுத்திப் பார்க்கிறேன். அழுத்திக்கொண்டே இருக்கிறேன்.

நாள் தெரியவில்லை

மஞ்சளாகவே இருக்கிறது. பகல்தான் என்று நினைக்கிறேன்.

மேற்கே ஒரு வெளிச்சம் இறங்கியது. தூசிக்குள் மங்கலாக. மெதுவாக இறங்கியது. எரிந்து விழுந்தால் அவ்வளவு மெதுவாக விழாது. மலைக்குப் பின்னால் போனது. சத்தம் வரும் என்று காத்திருந்தேன். காற்றின் சத்தம்தான்.

இறங்கிவிட்டார்கள்.

இறங்கியிருப்பார்கள்.

ரேடியோவில் இரைச்சல். நடுவில் ஒரு சொல், “அக்கா” என்று. திருமேனியா, என் காதா தெரியவில்லை. பதில் சொன்னேன். குழந்தையைப் பற்றிச் சொன்னேன். மேற்கே தேடிப் பார் என்று சொன்னேன். போய்ச் சேர்ந்ததா தெ

தையல் பிரிகிறது. நூலை மறுபடி கோக்க வேண்டும், கண் தெரிய